ரம்பார்: கொத்தளமா, மதிலா?

தென் பிரான்சின் எக்-மோர்த் என்னும் சிறு நகரைப் பற்றிய பயணக் கட்டுரை ஒன்றில், ‘நகரைச் சுற்றிலும் கொத்தளம் நீண்டு செல்கிறது’ என்ற வரியை அண்மையில் படித்தேன். பிரெஞ்சில் ‘ரம்பார்’ என்றும் ஆங்கிலத்தில் ‘ராம்பார்ட்’ என்றும் வழங்கும் சொல்லைக் ‘கொத்தளம்’ என்று பெயர்ப்பது நம் செய்தித்தாள்களில் ஊறிப்போன பழக்கம். ஆகஸ்ட் 15 வந்தால் பிரதமர் ‘செங்கோட்டைக் கொத்தளத்தில்’ நின்று உரையாற்றுவதாகவே ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். இது பிழை.

‘ரம்பார்’, அரண்செய்து வலுப்படுத்துதலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த பெயர். காப்புக்காகக் குவித்த மண்மேட்டைக் குறித்த அச்சொல், பின்னர் ஊரைச் சூழ்ந்த கற்சுவர் முழுவதற்கும் ஆகிவந்தது.

கொத்தளமோ மதிலின் ஓர் உறுப்பு. மதிலிலிருந்து வெளியே புடைத்து நின்று, சுவரடியை நெருங்கும் பகைவரைப் பக்கவாட்டில் தாக்க இடந்தரும் பகுதி அது. உறுப்பு எவ்வாறு ஊரைச் சுற்றி நீளும்? எக்-மோர்த், மத்தியதரைக் கடலில் தமக்கென ஒரு துறை வேண்டி பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி உருவாக்கிய நகரம். 1248இலும் 1270இலும் அவர் சிலுவைப்போருக்குக் கப்பலேறியது இங்கிருந்துதான். வடமேற்கு மூலையில் தனித்து நிற்கும் கான்ஸ்தான்ஸ் கோபுரம் அவர் காலத்தது. நகர மதிலோ அவர் மறைந்தபின் 1272இல் மூன்றாம் பிலிப் தொடங்கி, அவர் மகன் நான்காம் பிலிப் காலத்தில் நிறைவுற்றது. 1,634 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழச் செவ்வகமாக ஓடும் அந்தச் சுவரின்மேல் காவலர் நடந்த வழியில் இன்றும் பயணிகள் நகரை வலம்வருகிறார்கள். அவர்கள் நடப்பது மதிலின்மேல். மூலைகளில் இருப்பவை வட்டக் கோபுரங்கள். வாயில்களின் இருமருங்கிலும் நிற்பவையும் கோபுரங்களே.

‘கோட்டை’ என்று எழுதுவோரும் உண்டு. அதைப் படிப்பவர் படைவீரர் தங்கிய அரசனின் காப்பிடத்தை எண்ணிக்கொள்வாரே தவிர, உப்பளங்களுக்கு நடுவே மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊரை எண்ணமாட்டார். ‘அரண்’ நல்ல சொல்லாயினும் பரந்தது. நீரும் நிலமும் மலையும் காடும் உடையதே அரண் என்கிறது குறள். சுவரை மட்டும் சுட்ட அது உதவாது.

வீட்டுச் சுற்றுச்சுவரையும் மதில் என்பதால் அச்சொல் சிறுத்துவிட்டது என்று சிலர் தயங்குகிறார்கள். பெருங்கோயில்களின் திருமதிலை நாள்தோறும் காண்பவர்களுக்கு இத்தயக்கம் எதற்கு? மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும், காப்பதற்கு நொச்சி என்றும் தனித்தனித் திணை வகுத்த மொழி இது. எயில், இஞ்சி, புரிசை என்று அதே பொருளில் வேறு சொற்களும் இருக்க, அகராதியில் முதலில் கண்ணில்பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் மொழிபெயர்ப்பாளர்களால் உள்ள சொற்களின் எல்லைகளும் அழிகின்றன. மதில் போதாதென்று தோன்றினால் ‘நகர மதில்’ என்று எழுதட்டும்.

கொத்தளத்துக்கும் பிரான்சில் உரிய இடம் உண்டு. பீரங்கிக் காலத்தில், 1698இல், படைப் பொறியாளர் வோபான் வடிவமைக்கத் தொடங்கிய நெஃப்-பிரிசாக் நகரில் எண்கோண மதிலின் மூலைதோறும் புடைத்து நிற்பவை கொத்தளங்கள். எக்-மோர்த்தின் மதிலையும் அதே சொல்லால் அழைத்தால், அம்பெய்து காத்த ஊருக்கும் பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய ஊருக்கும் இடையிலுள்ள நானூறு ஆண்டு வேறுபாட்டைத் தமிழில் படிப்பவர் அறியவே வழியில்லை.