தரையை ஒட்டிக் காற்று ஓடுவதில்லை

லண்டனின் ஹாரோ பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாடியில் மூன்று அறைகளும் படிக்கட்டும் கார்ப்பெட். கீழே ஹாலும் சமையலறையும் லேமினேட் தரை. மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. “அப்ரைட் வாக்யூம் கிளீனர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் ஒருவர் வாட் எத்தனை என்று பாருங்கள் என்கிறார், இன்னொருவர் சக்‌ஷன் எத்தனை என்று பாருங்கள் என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் விளக்கு வைத்த பிறகு அதை ஓட்டவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

மாமியாருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கடைக்காரர்கள். (அப்ரைட் என்பது கைப்பிடியும் மோட்டாரும் பிரஷ் உள்ள தலையும் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும் வகை.)

பள்ளியில் படித்ததுதான்: மோட்டார் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது. வாக்யூம் என்று பெயர் இருந்தாலும் உள்ளே வெற்றிடம் கிடையாது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நல்ல வீட்டு இயந்திரம் ஒன்று அதிலிருந்து 20 கிலோபாஸ்கல் குறைத்தாலே பெரிய விஷயம்.

வாட் என்பது அந்த மோட்டார் தின்னும் மின்சாரம். அது எவ்வளவு சுத்தம் செய்யும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வாக்யூம் கிளீனர்களை விற்கத் தடை போட்டது; 2017-ல் வரம்பை 900 வாட்டாகக் குறைத்தது. பிரிட்டனும் அப்போது ஒன்றியத்தில்தான் இருந்தது. அதனால் யார் வீட்டுக் கார்ப்பெட்டும் அழுக்கேறிப் போகவில்லை. விசிறியையும் குழாயையும் ஒழுங்காக வடிவமைத்தால் பாதி மின்சாரத்தில் அதே வேலை நடக்கும் என்பது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். பெரிய எண்ணைப் பெட்டியில் அச்சடிப்பது விற்பனைக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

சக்‌ஷன் எண்ணிலும், அதாவது உறிஞ்சும் அழுத்தத்தைச் சொல்லும் எண்ணிலும், ஒரு சூட்சுமம் உண்டு. அதை அளப்பது குழாயின் வாயை முழுக்க அடைத்துவிட்டு. வாயை அடைத்தால் அழுத்த வேறுபாடு உச்சத்துக்குப் போகும், ஆனால் காற்று துளிக்கூட ஓடாது. ஓடாத காற்று எந்தத் தூசியைக் கொண்டுபோகும்? வாயை அகலத் திறந்துவிட்டால் காற்று அதிகம் ஓடும், அழுத்த வேறுபாடு போய்விடும். உருப்படியான வேலை நடப்பது இரண்டுக்கும் நடுவில். அந்த அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் பெருக்கி வருவதை ஏர் வாட் என்கிறார்கள். இரண்டு இயந்திரங்களை ஒப்பிட வேண்டுமானால் அதைப் பாருங்கள். அதுவும் பாதிக் கதைதான்.

மீதிக் கதைக்கு ஒரு மெழுகுவர்த்தி போதும். கை நீட்டும் தூரத்தில் ஏற்றிவைத்து ஊதுங்கள், அணையும். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைத்துப் பாருங்கள். எத்தனை மூச்சு இழுத்தாலும் சுடர் நிமிர்ந்து நிற்கும். ஊதும்போது காற்று ஒரே திசையில் பீய்ச்சிக்கொண்டு போகிறது. உறிஞ்சும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறது. தொழிற்சாலைகளில் புகைபோக்கி அமைப்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: ஊதும் குழாயின் காற்று பத்தில் ஒரு பங்காகக் குறைவதற்குக் குழாய் விட்டத்தைப் போல் 30 மடங்கு தூரம் போக வேண்டும், உறிஞ்சும் குழாயில் ஒரே விட்டத் தூரத்திலேயே அது நடந்துவிடும். ஆகவே எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் அதன் ஆட்சி வாயை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குத்தான். இயந்திரத்தின் தலை தரையோடு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

சரி, தலை தரையோடு ஒட்டியாயிற்று, காற்றும் வேகமாக ஓடுகிறது, தூசி வந்துவிடுமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் வருகிறது.

வீட்டு சீலிங் ஃபேனை நிறுத்தி இறக்கையைப் பாருங்கள். முன்விளிம்பில் கறுப்பாகத் தூசி அப்பியிருக்கும். 1200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு சுமார் 79 கிலோமீட்டர். மாதக்கணக்கில் அந்த வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றிய இறக்கையின் மேல் தூசி எப்படி உட்கார்ந்திருக்கிறது?

காரணம், எந்தப் பரப்பையும் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அந்தப் பரப்போடு ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கு மெல்ல நகர்கிறது, அதற்கும் மேலே உள்ளது இன்னும் கொஞ்சம் வேகமாக. இப்படி ஏறி ஏறித்தான் முழு வேகத்தை எட்டுகிறது. இந்த மெல்லிய இடைப்பகுதிதான் எல்லைப்படலம். வாக்யூம் கிளீனரின் வாய்க்கடியில் காற்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போட்டால், படலத்தின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வீட்டுத் தூசித் துகள் ஒன்றின் உயரம் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) என்றால், அதன் தலைமட்டத்தில் காற்றின் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டரைத் தொடாது. மேலே புயல், கீழே துகளுக்கு இலைகூட அசையாத மதியம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன் இயற்பியலாளர் லுட்விக் பிராண்ட்டல். 1900-ல் முனைவர் பட்டம் முடித்த கையோடு நூரம்பர்க்கில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, மரச் சீவல்களை உறிஞ்சி அகற்றும் ஒரு கருவியைச் சரிசெய்வது! குழாய் விரியும் இடத்தில் காற்றின் வேகம் குறைந்து அழுத்தம் திரும்ப ஏற வேண்டும். ஏட்டுக்கணக்கு அப்படித்தான் சொன்னது. ஏறவில்லை. காற்று குழாய்ச் சுவரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கருவியைச் சீர்செய்து கொடுத்துவிட்டார். ஏன் விலகியது என்ற கேள்வியை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு ஹனோவரில் பேராசிரியராகப் போனார். 1904 ஆகஸ்டில் ஹைடல்பர்க்கில் நடந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் பத்து நிமிடம் பேசினார். மறு ஆண்டு அச்சான கட்டுரை எட்டுப் பக்கம். விமானத்தின் இறக்கை ஏன் தூக்குகிறது, எப்போது தூக்க மறுக்கிறது, கப்பல் ஏன் இத்தனை எரிபொருள் குடிக்கிறது என்பதற்கெல்லாம் அடிப்படை அந்த எட்டுப் பக்கத்தில் இருக்கிறது.

நம் ஊர் ஆராய்ச்சி விண்ணப்பப் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சீவல் கருவி ஞாபகம் வரும். ‘இதனால் சமூகத்துக்கு என்ன பயன்’ என்று ஒரு கட்டம், ‘எத்தனை மாதத்தில் பயன்’ என்று இன்னொரு கட்டம். பிராண்ட்டல் அந்தக் கட்டங்களில் ‘சீவல் அகற்றுதல்’ என்று எழுதியிருப்பார். கருவி சரியானதும் கோப்பை மூடியிருப்பார்கள். வேலை முடிந்த பிறகும் கேள்வியைத் துரத்துவதற்குப் பணம் தருகிற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

தூசிக்குத் திரும்புவோம். படலத்துக்குள் பதுங்கியிருப்பதோடு துகள் தரையில் ஒட்டியும் இருக்கிறது; மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வான்டர் வால்ஸ் விசை பிடித்து வைத்திருக்கிறது. துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிறது. காற்று அதைத் தள்ளும் விசை நான்கில் ஒரு பங்காகிறது. ஒட்டும் விசையோ பாதிதான் குறைகிறது. ஆகத் துகள் சிறுக்கச் சிறுக்க, காற்றுக்கு எதிரான போட்டியில் பசைதான் ஜெயிக்கிறது. மேசையை ஊதினால் கண்ணுக்குத் தெரிகிற தூசி பறக்கும். விரலால் கோடு போட்டால் கோடு விழும் அந்த மெல்லிய படிவு அப்படியே இருக்கும். விரல் செய்ததைக் காற்று செய்யவில்லை. ஏதாவது ஒன்று தொட்டு, தட்டி, துகளைப் படலத்துக்கு வெளியே தூக்கிப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் காற்றுக்கு வேலை.

அப்ரைட் வகை பிறந்ததே இந்தத் தட்டலோடுதான். 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த முதல் இயந்திரம் உறிஞ்ச மட்டும் செய்தது. குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாயை வீட்டுக்குள் விடுவார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்று ஒரு துப்புரவுப் பணியாளர். ஜவுளி முதலானவை விற்கும் பெரிய கடையில் கார்ப்பெட் பெருக்குவது வேலை, ஆஸ்துமா வேறு. விசிறி மோட்டாரையும் துடைப்பக் கழியையும் தலையணை உறையையும் வைத்து அவரே ஒன்று கட்டினார், வாயில் சுழலும் பிரஷோடு. 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கி விற்றவர் வில்லியம் ஹூவர்.

5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிரஷ் நிமிடத்துக்கு 4000 முறை சுற்றினால் முடி நுனி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கார்ப்பெட்டை அடிக்கிறது. இழைகள் மடங்கி நிமிரும்போது அடியில் கிடக்கும் மணலும் தோல் செதிலும் எகிறுகின்றன. பிரஷ் இல்லாத தலையை வைத்து எவ்வளவு உறிஞ்சினாலும் காற்று இழைகளின் மேலோடு போய்விடும். உறிஞ்சல் மட்டும் மிஞ்சிவிட்டால் வேறு வம்பு: தலை கார்ப்பெட்டைக் கவ்விக்கொண்டு நகர மறுக்கும், காற்று புகும் வழியும் அடைபடும். தலையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். முடிச்சு முடிச்சாக நெய்த கார்ப்பெட் என்றால் பிரஷ் இழையை இழுத்துப் பிரித்துவிடவும் கூடும்.

லேமினேட் தரையில் கதை தலைகீழ். அங்கே இழை கிடையாது, தூசி மேலேயே கிடக்கிறது. கடினமான பிரஷ், காற்று பிடிப்பதற்கு முன்பே துகளை அடித்துத் தூர எறிந்துவிடும். கீழே சிந்திய கடுகின் மேல் கார்ப்பெட் பிரஷை ஓட்டிப் பாருங்கள், பாதி கடுகு பின்பக்கமாகச் சிதறி அலமாரிக்கடியில் போய் உட்காரும். அதனால் பிரஷை மட்டும் நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அதைவிட நல்லது, கழற்றி மாட்டக்கூடிய மெத்தென்ற ரோலர்; விரல் துடைப்பதைப் போல அது தரையைத் தொட்டுத் துடைத்துக்கொண்டு போகும், படலத்துக்குள் பதுங்கிய பொடித் தூசியும் வரும். கடையில் செய்துகாட்டச் சொன்னால் ரவையும் கடுகும் கேளுங்கள். ரவை பிளவுகளில் இறங்கும், கடுகு உருண்டோடும். இரண்டையும் எடுத்தால் நல்ல தலை.

நீளமான கூந்தல் உள்ள வீடு என்றால் இன்னொன்று. தலையைக் கவிழ்த்துப் பாருங்கள். முடி பிரஷின் நடுவில் சுற்றிக்கொண்டால் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடலாம். இரண்டு ஓரங்களிலும் பேரிங்குக்குள் போய் இறுகினால் பிரஷ் திணறும், பெல்ட் வழுக்கிச் சூடாகும், ரப்பர் கருகும் வாடை வரும். பிரஷை ஸ்க்ரூட்ரைவர் இல்லாமல் கழற்ற முடிகிறதா என்று வாங்குமுன்பே கழற்றிப் பாருங்கள்.

தூசி சேரப் பை உள்ளதா, பை இல்லாமல் டப்பாவில் சேர்வதா? பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் மரம் அறுக்கும் ஆலையில் தூள் பிரிக்கும் கூம்பைப் பார்த்து, 5127 மாதிரிகள் செய்து, 1993-ல் தன் பெயரில் கொண்டுவந்த முதல் இயந்திரமும் அப்ரைட்தான், அதில் பை கிடையாது. (மரத்தூள் இந்தத் துறைக்குச் செய்த உபகாரம் கொஞ்சமில்லை.) 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள கூம்பில் காற்று விநாடிக்கு 20 மீட்டரில் சுழன்றால் தூசியின் மேல் புவியீர்ப்பைப் போல் 4000 மடங்கு விசை. தூசி சுவரில் மோதிக் கீழே விழுகிறது, பையின் துளைகள் அடைபடும் தொல்லை இல்லை. ஆனால் டப்பாவைக் குப்பைக் கூடையில் கவிழ்க்கும்போது எழும்பும் மேகத்தை யார் சுவாசிப்பது? வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பை உள்ளதைத்தான் நான் சொல்வேன். வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம்.

ஃபில்டர் எச்13 தரமா என்று பாருங்கள். பிடிக்க மிகக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதத்தை அது நிறுத்த வேண்டும். அந்தக் கடினமான அளவு 0.3 மைக்ரானை ஒட்டியது. அதைவிடச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடிப் போய் இழையில் தாமாகவே மோதிக்கொள்ளும். ஆனால் ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சரியில்லை என்றால் தூசி ஃபில்டரைத் தொடாமலே பக்கவாட்டில் வெளியேறிவிடும். ஃபில்டர் மட்டுமா, முழு இயந்திரமும் சீல் செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

கார்ப்பெட்டுக்குத் தனி மதிப்பெண், வெறுந்தரைக்குத் தனி மதிப்பெண் என்று ஐரோப்பாவில் ஒரு நல்ல லேபிள் இருந்தது. சோதனையைக் காலிப் பையோடு நடத்தியது செல்லாது என்று டைசன் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2018 நவம்பரில் தீர்ப்பாகி லேபிளே போய்விட்டது. வாதம் நியாயம்தான். சோதனையைத் திருத்தி லேபிளை உடனே திரும்பக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இனி மாமியார். விளக்கு வைத்த பின் பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்பதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு ‘அறிவியல் காரணம்’ சுற்றுகிறது: எண்ணெய் விளக்கின் மங்கலில் தோடும் மூக்குத்தியும் குப்பையோடு போய்விடும், முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. இருக்கட்டும். அதுதான் காரணம் என்றால் எல்.இ.டி. வந்த அன்றே விதியும் காலாவதி ஆகியிருக்க வேண்டுமே? காரணத்தைச் சொல்லி விதியைக் காப்பாற்றுகிறவர்கள், காரணம் போன பிறகும் விதியை விடுவதில்லை. இரவில் ஓட்டாதிருக்க ஹாரோவில் நல்ல காரணம் ஒன்று உண்டு: பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். 900 வாட் வரம்போடு வந்த அதே விதி சத்தத்துக்கு வைத்த வரம்பு 80 டெசிபல். சுவர் மெல்லியதாக இருந்தால் அதுவே ஜாஸ்தி.

வாங்கியபின் கார்ப்பெட்டில் மெதுவாகத் தள்ளி, அதைவிட மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஒரே இடத்தில் பிரஷ் எத்தனை முறை அடிக்கிறது என்பதுதான் கணக்கு. வாடை போக ஆப்பசோடா தூவாதீர்கள், அந்தப் பொடி ஃபில்டரை அடைத்துவிடும். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவிவிட்டு ஒரு முழு நாள் காயவைத்து மாட்டுங்கள். லண்டன் குளிரில் இரண்டு நாள்.