எச்.ஐ.வி.யும் தாம்பத்யமும்: வலி எங்கிருந்து வருகிறது?

ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் இடம்) மாத்திரை வாங்க வரும் பெண்ணிடம், "காண்டம் பயன்படுத்துறீங்களா?" என்று கவுன்சிலர் தவறாமல் கேட்பார். "சேரும்போது வலிக்குதாம்மா?" என்று கேட்பவர் அபூர்வம். அந்தப் பெண்ணும் தானாக வாய் திறப்பதில்லை. 'இந்த நோயை வெச்சுக்கிட்டு இது ஒரு கேடா' என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

ஆனால் ஆசைக் குறைவும் வறட்சியும் வலியும் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களிடம் பரவலாக இருப்பவைதான்.

முதலில் வறட்சி. பிறப்புறுப்பின் உட்சுவரைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். எச்.ஐ.வி. உள்ள சிலருக்கு மாதவிடாய் சற்று முன்னதாகவே நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சுவர் மெலிகிறது, உராய்வில் எரிகிறது. ஒருமுறை வலித்துவிட்டால் உடம்பு அதை மறப்பதில்லை. அடுத்த முறை தொடுவதற்கு முன்பே இடுப்புத் தசைகள் இறுகிக்கொள்ளும். கிளர்ச்சி வராது, அதனால் ஈரமும் சுரக்காது, மறுபடி வலி. இதற்கு ஜெல் இருக்கிறது, மருத்துவர் எழுதித்தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீமும் இருக்கிறது. நம் வீடுகளில் சட்டென்று கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். காண்டம் போடும்போது அது வேண்டாம். எண்ணெய் பட்டால் காண்டத்தின் லேடெக்ஸ் ரப்பர் பலவீனமாகிக் கிழியும். தண்ணீரையோ சிலிக்கோனையோ அடிப்படையாகக் கொண்ட ஜெல் சரி.

ஆசைக் குறைவுக்கு மனச்சோர்வு ஒரு காரணம். அதற்குத் தரும் மாத்திரைகளில் சிலவும் ஆசையைக் குறைக்கும், இது ஒரு தலைவலி. எச்.ஐ.வி.க்கு முன்பு பரவலாகக் கொடுத்த எஃபாவிரென்ஸ் மாத்திரை சிலருக்குத் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுத்தது. இப்போது பெரும்பாலும் டோலுடெக்ராவிர்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரியது 'அவருக்குத் தொற்றிவிடுமோ' என்ற பயம். இந்தியா (சென்னை, புனே) உட்பட 9 நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது: சிகிச்சையை உடனே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96% குறைந்தது. வைரஸ் தன்னை நகலெடுப்பதை மாத்திரை தடுத்துவிடுவதால், பிறப்புறுப்புத் திரவத்திலும் அது மிகக் குறைந்துவிடுகிறது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உடலுறவு வழியாகத் தொற்றாது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் உறுதி செய்தன. காண்டம் மற்ற பால்வினை நோய்களுக்காகத் தொடரலாம்.

உறவுக்குப் பின் ரத்தம் கசிந்தால் மட்டும் வறட்சி என்று விட்டுவிடக் கூடாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு. 25 வயதிலிருந்தே 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.