வரைபடத்தில் ‘தரிசு’ என்று எழுதும் முன்

எரிபொருள் பயிருக்கு நிலம் தேடுபவர்கள் முதலில் செய்வது கழித்தல். காடு, சதுப்பு நிலம், ஊர், உணவு விளையும் வயல் எல்லாவற்றையும் வரைபடத்திலிருந்து நீக்கிவிடுகிறார்கள். விதை எண்ணெயை எரிபொருளாக்கத் தரும் காட்டாமணக்கோ புங்கமோ வளருமா என்ற கேள்வி, எஞ்சிய நிலத்தைப் பற்றியதுதான்.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கட்டத்தின் மழையளவு, குளிர்மாத வெப்பநிலை, மண்ணின் ஆழம், உவர்ப்பு, சரிவு ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். சரிவைக் கணக்கிட, 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடம் ஒன்று ரேடார் மூலம் அளந்த உயரத் தரவு இன்றும் கைகொடுக்கிறது.

மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. மழை போதும், மண் ஆழம், தரை சமம். ஆனால் குளிர்காலத்தில் உறைபனி விழும். சராசரி அந்தக் கட்டத்தை ‘நல்ல நிலம்’ என்றே காட்டும். காட்டாமணக்கோ உறைபனியில் கருகிவிடும். குடம் பாலில் துளி விஷம் கலந்த கதைதான். அதனால், இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணையே கட்டத்தின் தகுதியாகக் கொள்ளும் முறையை நான் அதிகம் நம்புகிறேன்.

இன்னொன்று: உயிர் பிழைப்பது வேறு, விளைவது வேறு. வறண்ட மண்ணிலும் காட்டாமணக்கு சாகாது என்பதை நம்பி 2000களில் பல நாடுகளில் நட்டார்கள். செடி நின்றது; நீரும் உரமும் இல்லாததால் எதிர்பார்த்த விதை வரவில்லை.

மிகவும் கடினமானது ‘தரிசு’ என்று தீர்மானிப்பது. பசுமையான இலை சிவப்பு ஒளியை விழுங்கி, சிவப்பை அடுத்துள்ள, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை வைத்தே செயற்கைக்கோள் பசுமையை அளக்கிறது. கோடையில் எடுத்த ஒரே படத்தில் அறுவடை முடிந்த வயலும் காய்ந்த புல்வெளியும் கெட்டுப்போன மண்ணும் ஒன்றுபோலத் தெரியும். ஆண்டு முழுவதும் எடுத்த படங்களை வரிசையாக வைத்தால் குட்டு வெளிப்படும்: வயலின் பசுமை அறுவடையன்று சட்டென்று சரியும், புல்லின் பசுமை மெல்ல மெல்ல வாடும்.

ஆனாலும் அங்கே யார் பிழைக்கிறார்கள் என்பதை எந்தப் படமும் சொல்லாது. ஜிபிஎஸ் கருவியுடன் ஒருவர் அந்தக் கட்டத்துக்கு நடந்தே போக வேண்டும். ஆட்டுப் புழுக்கையும் ஒற்றையடிப் பாதையும் சுள்ளி ஒடித்த தடமும் கண்ணில் பட்டால், ‘தரிசு’ என்பதை அழித்து ‘மேய்ச்சல் நிலம்’ என்று திருத்த வேண்டும்.