டி.பி.டி. குழுவில் யாரும் உங்கள் கதையைக் கேட்கமாட்டார்கள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். மனம் தாங்காதபோது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம். மனநல மருத்துவர் சீட்டில் ‘டி.பி.டி. திறன் பயிற்சிக் குழு’ என்று எழுதி அனுப்பியிருந்தார். கூட வந்த அம்மா உட்கார்ந்ததுமே கேட்டார்: “நாலு பேர் முன்னாடி எங்க வீட்டு விஷயத்தையெல்லாம் இவ சொல்லணுமா மேடம்? தனியா பாருங்க, எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல.” எடுத்துச் சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள், வரவில்லை. அந்தப் பெண்ணை அடுத்து நான் பார்த்தது அவசர சிகிச்சைப் பிரிவில். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இப்படித் திரும்பிப் போனவர்களில் அவள் முதல் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்பதன் சுருக்கம்தான் டி.பி.டி. சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹான் உருவாக்கிய சிகிச்சை. தற்கொலை எண்ணத்தோடும் கட்டுக்கடங்காத உணர்ச்சிகளோடும் போராடுபவர்களுக்காக வந்தது. அதில் ஒரு பகுதி, உணர்ச்சி கொந்தளிக்கும்போது என்ன செய்யலாம், வேண்டியதை எப்படிக் கேட்கலாம் போன்ற திறன்களைக் கற்றுத்தரும் இந்தக் குழு.

குழு என்றதும் சினிமாவில் பார்த்த காட்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. வட்டமாக நாற்காலி, ஒருவர் எழுந்து அழுதுகொண்டே தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். இது தையல் வகுப்பு மாதிரி ஒரு வகுப்பு. பலகை இருக்கும், கையேடு இருக்கும், வீட்டுப்பாடம் இருக்கும். முதல் பாதியில் போன வாரம் கற்றதை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்போம். இரண்டாம் பாதியில் புதிதாக ஒரு திறன். சின்ன வயதில் என்ன நடந்தது, அப்பா என்ன செய்தார், யார் ஏமாற்றினார் என்று ஒருவரும் கேட்கமாட்டோம். நீங்களாகச் சொல்ல ஆரம்பித்தாலும், “இதை உங்கள் தெரபிஸ்ட்டிடம் பேசலாம், இப்போது திறனுக்கு வருவோம்” என்று நிறுத்திவிடுவோம். தன்னை எப்படிக் காயப்படுத்திக்கொண்டேன் என்று குழுவில் விவரிக்கக் கூடாது என்பது விதி. ஒருவர் விவரிப்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தூண்டுதலாகிவிடும். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ, அதை அனுமதிக்காமல் இருப்பதுதான் எங்கள் வேலையே. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

“தனியாகப் பார்ப்பதுதான் உசத்தி, குழு என்பது காசில்லாதவர்களுக்கு” என்ற நினைப்பும் தவறு. 2015-இல் லினஹான் குழுவினர் 99 பெண்களிடம் நடத்திய ஆய்வில், திறன் பயிற்சி இருந்த பிரிவுகளில் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, அது இல்லாத தனிச் சிகிச்சைப் பிரிவைவிட அதிகமாகக் குறைந்தது. அதற்காகக் குழு மட்டும் போதும் என்று அர்த்தமில்லை. திறன் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும் அங்கே ஆபத்தைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளை விட்டுவிட்டுக் குழு நடத்துபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, பயத்தைத் தாண்டி வருபவர்களுக்காவது கதவைத் திறந்து வைத்திருக்கிறோமா? புதன்கிழமை காலை 11 மணிக்கு, இரண்டரை மணி நேரம், மாடியில், ஆங்கிலக் கையேட்டோடு. யார் வருவார்கள்? கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவர் வரமாட்டார். கைக்குழந்தைக்காரி வரமாட்டாள். சக்கர நாற்காலியில் இருப்பவர் கேட் வரைதான் வர முடியும். வருகிறவருக்கும் ‘டிப்’ (கொந்தளிப்பைச் சட்டென்று தணிக்க), ‘டியர் மேன்’ (வேண்டியதைக் கேட்க) என்று திறன்களுக்கு வைத்த ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் நினைவில் நிற்பதில்லை. செய்ய வேண்டியதை அப்படியே தமிழில் சொன்னால் போதும்.

தினமும் நிரப்ப வேண்டிய டைரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பீரோ வரை திறந்து பார்க்கிற மாமியார் இருக்கும்போது, ‘இன்று சாக வேண்டும் போலிருந்ததா, 0 முதல் 5 வரை’ என்று அச்சடித்த தாளை ஒரு மருமகள் எங்கே வைப்பாள்? என்னிடம் வரும் ஒருவர் சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் புள்ளி வைக்கிறார். தேதிக்கு மேலே வைத்தால் எண்ணம் வந்தது, கீழே வைத்தால் திறனைப் பயன்படுத்தினார். பார்ப்பவர்களுக்கு அது பால் கணக்கு. வாரா வாரம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வருகிறார். எழுதத் தெரியாதவர் வாய்ஸ் நோட் அனுப்பட்டும். வீட்டுப்பாடம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வேண்டியதைக் கேட்பது, முடியாததை மறுப்பது. இதற்கான பாடம் பல குழுக்களில் பின்னால்தான் வருகிறது. நான் அறிமுக வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுவேன். ஏனென்றால், குழுவுக்கு வர வீட்டில் அனுமதி வாங்குவதே பல பெண்களுக்குப் பெரிய தடை. “அத்தை, சனிக்கிழமை சாயந்திரம் ரெண்டு மணி நேரம் டாக்டர் சொன்ன வகுப்புக்குப் போகணும். சமையலை முடிச்சு வெச்சிட்டுப் போறேன். பாப்பாவை மட்டும் பார்த்துக்கிட்டீங்கன்னா எனக்குப் பெரிய உதவி.” இதை ஒருவர் சொல்ல, இன்னொருவர் மாமியாராக நடிக்க, குரல் நடுங்காமல் வரும்வரை பழகுகிறோம்.

சக தெரபிஸ்ட்டுகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் வெளியே என்ற விதி இருக்கட்டும், அது ஆளைத் தக்கவைக்கிற விதிதான். ஆனால் முதல் வாரம் வராதபோதே போன் செய்யுங்கள். ஆட்டிசம் உள்ளவரைக் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கையில் எதையாவது உருட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். நடுவில் இடைவேளை கொடுங்கள். ஆன்லைனில் நடத்தினால் ஒவ்வொரு முறையும் அவர் இப்போது எந்த முகவரியில் இருக்கிறார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்ட பிறகே பாடத்தைத் தொடங்குங்கள். கொந்தளிப்பைத் தணிக்க முகத்தைக் குளிர்ந்த நீரில் வைக்கும் பயிற்சியை வீடியோவில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இதய நோய் உள்ளவர்களும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களும், சாப்பாட்டை ஒதுக்கி மெலிந்துபோனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது.

மருத்துவர் குழுவுக்கு எழுதிக் கொடுத்தால் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். தமிழில் நடக்கிறதா, மாலையில் உண்டா, எத்தனை வாரம், கட்டணத்தைக் குறைப்பீர்களா, இடையில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இடம் கிடைக்கக் காத்திருக்கும் நாட்களில் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104 எண்களை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எதற்கும் காத்திருக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அம்மாக்களே, நீங்களும் கூட வாருங்கள். வகுப்பு முடியும்வரை வெளியே உட்காருங்கள். திரும்பிப் போகும்போது, “உள்ளே என்ன சொன்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த வாரம் என்ன வீட்டுப்பாடம் என்று கேளுங்கள்.