மென்பொருளுக்குப் பெயர்தான் தெரியும், வோல்ட் தெரியாது

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து வாட்டும் தொட்டிகளைக் கண்காணிக்க ஒரு போர்டு செய்து கொடுத்தேன். ரிலேக்களுக்கு 5 வோல்ட், எல்லாவற்றையும் இயக்கும் ஈஎஸ்பி32 சிப்புக்கு 3.3. நாலு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள், மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்கும் ஈஎஸ்பி பின் செத்துவிட்டது.

மல்டிமீட்டர் வைத்தால், அந்தப் பின்னுக்கு 5 வோல்ட் வருகிறது! நீள வயரில் ஏறும் இரைச்சலுக்காக நடுவில், சிக்னலைச் சுத்தமாக்கும் ஒரு 74எச்சி14 போட்டிருந்தேன். 2 முதல் 6 வோல்ட் வரை எதிலும் ஓடும் ஐசி அது. 3.3-இல் ஓடுவதாகத்தான் என் நினைப்பு. ஆனால் நான் எடுத்தது, சர்க்யூட் வரையும் மென்பொருளான கிகேடின் பழைய லைப்ரரி. சப்ளை பின்கள் படத்தில் தெரியாது. அப்படி மறைந்திருக்கும் பவர் பின், தன் பெயருள்ள நெட்டோடு, அதாவது அந்தப் பெயர் வைத்த இணைப்போடு, தானாகச் சேர்ந்துகொள்ளும். பின்னின் பெயர் விசிசி. நான் 5 வோல்ட்டுக்கு வைத்த பெயரும் விசிசி. முடிந்தது கதை.

எல்லா ஐசியும் 5 வோல்ட்டில் ஓடிய காலத்தில் அது வசதிதான், படம் சுத்தமாக இருக்கும். இன்று ஒரே போர்டில் மூன்று சப்ளை.

சர்க்யூட்டில் பிழை தேடும் கிகேடின் சோதனையான இஆர்சி ஓட்டவில்லையா என்பீர்கள். ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. பவர் பின்னுக்கு எங்கிருந்தாவது சப்ளை வருகிறதா என்று அது பார்க்கும். வருவது 5-ஆ 3.3-ஆ என்பது அதற்குப் புரியாது. கத்துகிறதே என்று, 'இங்கே சப்ளை உண்டு' என்று சொல்லும் பவர் ஃபிளாக் குறியை ஒட்டிவிட்டால் அந்தக் கேள்வியையும் விட்டுவிடும்.

இப்போது விசிசி என்ற பெயரையே நான் வைப்பதில்லை. பிளஸ் 5வி, பிளஸ் 3வி3 என்று எண்ணோடுதான் பெயர். புள்ளிக்குப் பதில் நடுவில் வி. பிரிண்டில் புள்ளி காணாமல் போகும். ஐசியின் சப்ளை பின்களைப் படத்தில் வெளியே எடுத்து, கையால் வயர் இழுக்கிறேன்.

அப்புறம், எதிர்த்திசையும் உண்டு: 3.3-இலிருந்து 5-க்குப் போகும் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் எச்சி வகை ஐசிக்கு 3.5 வோல்ட்டாவது வந்தால்தான் அது 'ஹை', அதாவது 1; 3.3 போதாது. சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது, அதுதான் தொல்லை. அங்கே எச்சிடி வகை போடுங்கள், 2 வோல்ட்டே போதும்.

புது போர்டு கோவையிலிருந்து வர வேண்டும். மழையில் மேட்டுப்பாளையம் சாலை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. அதுவரை அந்த ஐசியின் 14-ஆம் பின்னைத் தூக்கி, மெல்லிய வயரால் 3.3-இல் சேர்த்து, சிக்னலை ஈஎஸ்பியின் வேறொரு பின்னுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.