'பாதுகாப்புக்கு ஆபத்து' என்று கடிதம் வந்தால்

ஐரோப்பாவில் அகதி அந்தஸ்து கிடைத்துப் பல வருடம் ஆனவருக்கும் ஒருநாள் ஒரு கடிதம் வரலாம்: நீங்கள் தேசியப் பாதுகாப்புக்கு ஆபத்து, அந்தஸ்து ரத்து. காரணம் கேட்டால் ரகசியம் என்பார்கள். மொழிபெயர்க்கப் போன இடங்களில், என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் அந்தத் தாளோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இதற்கு இடம் கொடுப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுத் தகுதிச் சட்டம் (யாருக்கு அகதி அந்தஸ்து கிடைக்கும், எப்போது பறிக்கலாம் என்று சொல்லும் சட்டம்), பிரிவு 14(4). அதற்குப் பதிலாக 2024இல் புதிய சட்டம் இயற்றியிருக்கிறார்கள். உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

"ரகசியம்" என்ற சொல்லைக் கேட்டதும் திரும்பி வந்துவிடாதீர்கள். ஹங்கேரியில் ஒரு சிரியாக்காரரின் அந்தஸ்தை, இரண்டு பாதுகாப்பு அமைப்புகள் காரணமே எழுதாமல் தந்த கருத்தை வைத்து 2019இல் பறித்தார்கள். அது தவறு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது (வழக்கு எண் சி-159/21). முழுக் கோப்பையும் காட்டாவிட்டாலும் குற்றச்சாட்டின் சாரத்தையாவது உங்களுக்கோ வக்கீலுக்கோ சொல்லியாக வேண்டும். தஞ்ச அலுவலகமும் தானே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். உளவுத்துறை சொன்னதை அப்படியே நகலெடுத்துக் கையெழுத்துப் போட முடியாது. எனவே, சாரத்தைத் தரச் சொல்லி வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

கடிதம் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். அப்பீலுக்கான நாட்கள் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மிகக் குறைவு. என்றைக்குக் கையில் கிடைத்தது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இயக்கம் பற்றிய கேள்வியில். விடுதலைப் புலிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியலில் உள்ள ஓர் அமைப்பில் இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு அகதிப் பாதுகாப்பை மறுக்க முடியாது, அவர் தனிப்பட என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும் என 2010இலேயே ஜெர்மனியிலிருந்து வந்த வழக்குகளில் தீர்ப்பாகியிருக்கிறது. அதனால் மறைக்கவும் வேண்டாம், "இருந்தேன்" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தவும் வேண்டாம். எந்த வருடம், என்ன வேலை, விரும்பிப் போனீர்களா, பிடித்துக்கொண்டு போனார்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அப்புறம், பதிவான வாக்குமூலத்தைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

இன்னொரு குழப்பம் வதிவிட அட்டையில். அட்டையைப் பறிப்பது வேறு, அந்தஸ்தைப் பறிப்பது வேறு. அட்டை மட்டும் போயிருந்தால் நீங்கள் இன்னும் அகதிதான். வேலை, மருத்துவம், உதவித்தொகை உரிமைகள் தானாகப் போய்விடாது. 2015 தீர்ப்பு ஒன்று இதைச் சொல்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், தீர்ப்பு எண்ணை எழுதி எடுத்துப் போங்கள்: சி-373/13.

அந்தஸ்தே போனாலும் சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு உங்களை அனுப்ப முடியாது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவில் பாதுகாப்புக் காரணத்துக்கும் விலக்கு இல்லை. ஆகவே பயந்துபோய் "தானாகத் திரும்புகிறேன்" என்ற தாளில் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.