ரிமோட் டெஸ்க்டாப்: கையில் இருப்பதா, தொலைவில் இருப்பதா?

தீபாவளிக்கு முந்தின வாரம். மதுரையிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டும்போது, நான் கணக்குப் பார்க்கும் கடைக்காரர் அழைத்தார். "தம்பி, ஒரு பில்லு விட்டுப்போச்சு, இன்னைக்கே போட்டு அனுப்பணும்." கணக்கெல்லாம் வீட்டுக் கணினியில், டேலி என்ற கணக்கு மென்பொருளில். வீட்டுக் கணினியை போனிலிருந்தே பார்த்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் செயலியைத் திறந்தால், கணினி ஆஃப்லைன் என்றது. தூங்கிவிட்டது போல. அம்மாவை அழைத்தேன்.

"கம்ப்யூட்டர்ல ஏதாவது ஒரு பட்டனத் தட்டும்மா."

"எந்தப் பட்டன்டா?"

"எதுன்னாலும் பரவால்ல."

"அதெல்லாம் வேணாம். இதுன்னு சொல்லு. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா என்னையத்தான் சொல்லுவ."

கீழே நீளமாக இருப்பதைத் தட்டச் சொன்னேன். திரை விழித்தது. உள்ளங்கை அகலத்தில் டேலி வந்தது. விற்பனைச் சீட்டுக்கு எஃப்8 விசை வேண்டும், போன் விசைப்பலகையில் அது ஏது? செயலியின் மூலையில் ஒளிந்திருந்த கூடுதல் விசைப் பட்டையைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, தொகையைத் தட்டி முடிப்பதற்குள் திண்டிவனம் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் அம்மா கேட்டார்: "ரிமோட்டு ரிமோட்டுங்கிறியே, டிவி ரிமோட்டு மாதிரியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. தமிழ்ப் பேச்சில் ரிமோட் என்றால் கையில் இருக்கும் பொருள், சோபா இடுக்கில் தேடும் பொருள். ரிமோட் டெஸ்க்டாப்பிலோ அந்தச் சொல் தொலைவில் இருப்பதைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அது 'தொலைவான' என்ற பெயரடை. 'ரிமோட் கன்ட்ரோல்' என்ற தொடரில் கன்ட்ரோலை நாம் வெட்டிவிட்டதால், நம்மிடம் பெயரடையே பொருளாகி நின்றுவிட்டது.

வேர் இலத்தீன். 'மொவேரெ' என்றால் நகர்த்துதல். அதன் முன் 'ரெ' சேர்ந்து 'ரெமோட்டுஸ்', அதாவது அப்பால் நகர்த்தப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'மொபைல்' வந்ததும் இதே மொவேரெயிலிருந்துதான், 'நகரக்கூடியது' என்ற பொருளில். மொபைலில் ரிமோட் டெஸ்க்டாப் என்னும்போது, பிரிந்துபோன உடன்பிறப்புகளை ஒரே வீட்டில் குடிவைக்கிறோம்.

'டெஸ்க்' இன்னும் சுவாரசியம். கிரேக்கத்தில் எறியும் வட்டுக்கு 'டிஸ்கோஸ்' என்று பெயர். அது இலத்தீனில் 'டிஸ்குஸ்' ஆகி, தட்டாகி, பின்பு சாப்பாடு வைக்கும் பலகையாகி, கடைசியில் எழுதும் மேசையானது. டெஸ்க், டிஸ்க், டிஷ் மூன்றும் ஒரே குடும்பம். ஹார்டு டிஸ்க்கும் டெஸ்க்டாப்பும் பங்காளிகள் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கணினித் திரைக்கு மேசை என்ற உருவகத்தைக் கொடுத்தது, 1970-களில் கலிஃபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' (PARC) என்ற ஆய்வுக்கூடம். காகிதம், கோப்புறை என அலுவலக மேசையில் கிடப்பதெல்லாம் திரையில் படங்களாயின. 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த மேசையை வேறிடத்திலிருந்து பார்ப்பது பிற்பாடு வந்த யோசனை. 1998-இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்பில், ஒரு கணினியின் திரையை வேறிடத்திலிருந்து இயக்க உதவும் ஆர்டிபி (RDP) நெறிமுறையைத் தந்தது. அப்போது அதற்குப் பெயர் 'டெர்மினல் சர்வீசஸ்'. பெயர் பின்னாளில் ரிமோட் டெஸ்க்டாப் என்று மாறினாலும், விண்டோஸில் அதைத் திறக்க இன்றும் 'எம்எஸ்டிஎஸ்சி' என்றே தட்டுகிறோம். அந்த 'டிஎஸ்', பழைய டெர்மினல் சர்வீசஸின் மிச்சம். அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு ஆய்வுக்கூடம் இதே வேலைக்கான விஎன்சி (VNC) மென்பொருளை உருவாக்கி, இலவசமாகவும் வெளியிட்டது.

சரி, தமிழில்? 'மேசை' என்று தொடங்கினாலே போர்ச்சுக்கீசியரிடம் போய் நிற்போம். மேசை அவர்களுடைய 'மெசா'. சன்னல் 'ஜனெலா', சாவி 'சாவெ'. டெஸ்க்டாப், விண்டோ, கீ மூன்றுக்கும் நாம் கைநீட்டும் சொற்கள் ஒரே கப்பலில் வந்தவை. அதனால் அவை குறைந்துபோகவில்லை, நானூறு ஆண்டுக்கு மேல் நம் வீட்டில் இருக்கின்றன. ஆனாலும் 'மேல்மேசை' என்று சில தமிழாக்கங்களில் பார்க்கும்போது எனக்கு மாடியில் போட்ட மேசைதான் நினைவுக்கு வருகிறது. 'பணிமேடை' அதைவிட நல்ல சொல். மேடை நம் சொல், மேட்டோடு உறவுள்ளது.

ரிமோட்டுக்கு மூன்று போட்டியாளர்கள். 'தொலை', 'தொலைநிலை', 'சேய்மை'. சேய்மையை இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும். 'அந்தக் கணினி'யில் உள்ள அ சேய்மைச் சுட்டு, 'இந்த போன்' என்பதில் உள்ள இ அண்மைச் சுட்டு. அந்தக் கணினியை இந்த போனில் கொண்டுவரும் வித்தைக்குச் சேய்மை பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சேய்த்திரை' என்று சுருக்கினால், குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கும் திரை என்றுதான் நினைப்பார்கள். 'தொலைநிலை' அலுவலகச் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது. 'தொலை'யிலும் ஒரு சிக்கல். அதை டெலிபோன், டெலிவிஷனின் 'டெலி'க்கு ஏற்கனவே கொடுத்துவிட்டோம். போதாததற்கு, தொலைந்து போ என்ற வசவும் அதற்குள் இருக்கிறது. இருந்தாலும் நாக்கில் ஏறுவது அதுதான்.

டெஸ்க்டாப்புக்கு மேசையும் வேண்டாம், மேடையும் வேண்டாம் என்பது என் கட்சி. போனில் நமக்கு வந்து சேர்வது திரை மட்டும்தான். நிரல் ஓடுவதும் கோப்பு சேமிப்பாவதும் வீட்டில். அங்கிருந்து படம் வருகிறது, இங்கிருந்து தட்டலும் இழுப்பும் போகின்றன. ஆகவே 'தொலைத்திரை'. அதை இயக்கும் செயல் 'தொலையியக்கம்'. வெறுமனே காட்டுவது 'திரைப்பகிர்வு'.

இப்படிப் பிரிப்பது சொல்லாசையால் அல்ல. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை இதே வகைச் செயலி ஒன்றை இறக்கச் செய்தான், திரையில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான், வந்த கேள்விக்கெல்லாம் 'அனுமதி' தட்டச் சொன்னான். அவர் மகள் பார்த்து போனைப் பிடுங்கியதால் பணம் தப்பியது. இந்த வகை மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது. பெரியவர் சொன்னது இதுதான்: "அணுகல்னு போட்டிருந்துச்சு, ஏதோ உதவி போலன்னு நெனச்சேன்." 'அணுகல்' என்ற மென்மையான சொல், நடப்பதை மூடிவிடுகிறது. 'உங்கள் போனை இன்னொருவர் இயக்கலாமா?' என்று கேட்டிருந்தால் அவர் யோசித்திருப்பார். ஆண்ட்ராய்டு போனை வெளியாள் இயக்க முடியும். ஐபோனில் இத்தகைய வெளிச் செயலிகளுக்குப் பார்வை மட்டும்தான் கிடைக்கும். ஓடிபியைத் திருட அந்தப் பார்வையே போதும்.

உங்கள் கணினியை நீங்களே இயக்குவதில் அந்தப் பயம் இல்லை. க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொண்டால், கணினியில் நிறுவி, குறைந்தது 6 இலக்க பின் எண் வைத்துவிட்டு, போனிலும் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் கணினியின் பெயர் பட்டியலில் நிற்கும். விண்டோஸின் சொந்த வசதிதான் வேண்டும் என்றால், இயக்கப்படும் கணினியில் ஹோம் பதிப்பு இருந்தால் ஆகாது, ப்ரோ வேண்டும். போன் திரையில் குறிமுள்ளை (கர்சரை) விரலால் நகர்த்தும் டிராக்பேட் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். நேரடியாகத் தொட்டால், மூடும் பொத்தானுக்குப் பதில் பக்கத்துப் பொத்தான் மாட்டும். வலது சொடுக்குக்கு இரண்டு விரலால் ஒரு தட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் கணினியின் மின்சார அமைப்பில் தூக்கத்தை அணைத்துவிடுங்கள். நான் அணைத்துவிட்டேன். அம்மா மட்டும், நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம், "நீளமா இருக்கிறதத்தான தட்டணும்?" என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார்.